பத்தால் வகுத்த எண்

பிப்ரவரி 4

ஏழு கடலுக்கும் விளக்கேற்றும் கப்பல் எலக்ட்ரீஷியனும், என் அக்கா பெற்ற ஒரே பிள்ளையும், சின்ன வயதில் உன்னைச் சுமந்த பாவத்துக்கு என் இடது தோள் இன்றுவரை ஒரு முழம் இறங்கியிருப்பதற்குக் காரணகர்த்தாவுமான மருமகனுக்கு, இந்நகரத்தின் நாற்பதாயிரம் லிஃப்டுகளைத் தனி ஒருவனாக ஏற்றி இறக்கும் மாமன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் நலம். நீ நலமா? உன் வயிறும் கடலும் சமாதானம் ஆகிவிட்டனவா?

நாற்பதாயிரத்தை இந்நேரம் நாலாயிரம் ஆக்கியிருப்பாய். எனக்கு ஏழு வயதிலேயே உன் அம்மா, 'தம்பி என்ன சொன்னாலும் பத்தால் வகுத்துக்கோங்க' என்று வீட்டில் சட்டம் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் யாரும் என் பேச்சை முழுசாக வாங்கியதில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. மொத்தமாகக் கொடுப்பது என் வேலை, சில்லறை பார்ப்பது உங்கள் வேலை.

விஷயம் ஒன்று உண்டு. போனில் சொல்ல முடியாது. கம்பெனி போன் ஆறு மேஜைக்கு நடுவில் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்கிற இடமும் இல்லை அது. குளிக்கும்போது கண்டேன். ஆண்பிள்ளைக்கு ஜோடியாகக் கொடுத்து அனுப்பியதில் இடது பக்கத்து ஆள்மீது ஒரு கட்டி. கட்டி என்றால் மலை. உச்சியில் பனி உறைந்த மலை. கல்லாக இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை. வலித்தால் திட்டிக்கொண்டாவது இருப்பேன். அழுத்தினால், உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்காத வீடு மாதிரி அது பாட்டுக்கு இருக்கிறது. மூன்று வாரம் ஆகிறது.

உன் அத்தையிடம் சொல்லவில்லை. அச்சகத்தில் நாள் முழுக்க ஊரார் விட்ட எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு வருகிறவள். வீட்டிலும் ஒரு பிழையைக் காட்டுவானேன். கப்பலில் வைத்தியப் புத்தகம் இருக்குமே, பார்த்து எழுது.

தூக்கத்தை மட்டும் துறந்த அரைத்துறவி,
உன் மாமன்


பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். வயிறும் கடலும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கின்றன. உங்கள் கடிதம் இந்தத் துறைமுகத்து ஏஜென்ட் ஆபீசில் எட்டு நாள் கிடந்து, நேற்றுத்தான் என் கைக்கு வந்தது.

மலையைப் பத்தால் வகுத்தேன். குன்று வந்தது. மறுபடி வகுத்தேன், பாறை வந்தது. எத்தனை தடவை வகுத்தாலும் கடைசியில் ஒரு பட்டாணி மிஞ்சுகிறது மாமா. அந்தப் பட்டாணியை என்னால் வகுக்க முடியவில்லை.

புத்தகத்தில் பார்த்தேன். வலி இல்லாததுதான் கவனிக்க வேண்டியது என்று போட்டிருக்கிறது. ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதாம். கப்பல் சமையல்காரர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, உனக்கா என்றார். மாமாவுக்கு என்றேன். "எல்லாரும் மாமாவுக்குன்னுதான் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தார்.

இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் டாக்டரிடம் போங்கள். அத்தையிடமும் சொல்லுங்கள்.

அன்புடன்,
மருமகன்


மார்ச் 9

கப்பலில் இரட்டை முட்டை வாங்கும் பெருமைக்குரிய மருமகனுக்கு, மாமனின் ஆசீர்வாதம் மூட்டை மூட்டையாக. அத்தை நலம். என் நலத்தைப் பற்றி இப்போது ஒரு டாக்டர் முடிவு செய்துகொண்டிருக்கிறார். உன் நலம் பற்றி எழுது.

போனேன். நான் மாதாமாதம் லிஃப்ட் பார்க்கப் போகிற அதே ஆஸ்பத்திரி. வாசல் காவலாளி, "மெக்கானிக் சார், எத்தனாவது மாடியில நின்னுபோச்சு?" என்றார். தரைத்தளம்தான் என்றேன்.

டாக்டர் சின்னப் பெண். முந்தாநாள்தான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். நான் சுற்றி வளைத்து, "கீழே, இடது பக்கம், ஜோடியில் ஒருத்தர்" என்று புராணம் படிக்க, அந்தப் பெண் தலை நிமிராமல் "இடது விரையா?" என்று கேட்டு எழுதிக்கொண்டது. நாற்பத்தொரு வருடமாக நான் மூடி வைத்த சொல், மாமனாரைப் பற்றிக் கேட்பது போல அத்தனை சாதாரணமாக வந்தது. பிறகு குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியால் படம் பார்த்தார்கள். திரையில் மேகம் மேகமாகத் தெரிந்தது. படம் பார்த்த ஆள் அதுவரை கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்திவிட்டான். யார் ஜெயித்தது என்று அவன் சொல்லவேயில்லை.

எடுத்துவிட வேண்டுமாம். முழுசாக, வியாழக்கிழமையே. புற்றுநோய் என்றுதான் தோன்றுகிறதாம், வெட்டிப் பார்த்தால் உறுதியாகுமாம். வெட்டுவது அடிவயிற்று மடிப்பில், குடலிறக்கத்துக்கு வெட்டுகிற அதே இடத்தில். அதனால் உன் அத்தையிடம் குடலிறக்கம் என்று சொல்லியிருக்கிறேன். அவள், கனமானதைத் தூக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன் என்று கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்கிற அளவு வியாதியே அவளுக்குப் போதும். நீ வாயைத் திறக்காதே. இது மாமன் கட்டளை, இதை வகுக்க முடியாது.

உன்,
மாமன்


மார்ச் 20

நடுக்கடலில் எங்கே இருக்கிறாய் என்றே தெரியாத மருமகனுக்கு, ஒரு பக்கம் பாரம் குறைந்த மாமன் எழுதுவது. பிழைத்துக் கிடக்கிறேன். உன் பதில் வரவில்லை. கடல் பெரிது என்று நினைத்துக்கொள்கிறேன். நலமாக இரு.

படுக்கவைத்து, கூரையைப் பார்க்க வைத்து, லிஃப்டில் ஏற்றினார்கள். நான் பதினெட்டு வருடமாக லிஃப்டுக்கு மேலேயும் கீழேயும் நின்றிருக்கிறேன், படுத்துக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை. இரண்டாவது மாடி தாண்டும்போது ஒரு குலுக்கல் கொடுக்கும். அந்தக் குலுக்கல் எதனால் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கூண்டைத் தண்டவாளத்தோடு பிடித்து வழிநடத்தும் கட்டை தேய்ந்திருக்கிறது. போன மாதம் நானேதான், 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். குலுக்கியது. படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தாதி, பயப்படாதீங்க, இந்த லிஃப்டை நல்ல மெக்கானிக் பார்க்கிறார் என்றார்.

வெட்டிப் பார்த்ததில் அதேதான் என்று உறுதியாகிவிட்டது. இனி இரத்தத்தில் ஒரு எண் பார்ப்பார்களாம். அது பத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும், வாரக்கணக்கில்.

உன் அத்தை தலையணையை மூன்று விதமாக வைத்துப் பார்த்தாள். 'குடலிறக்கத்துக்கு இவ்வளவு வெளுத்துப் போவாங்களா' என்றாள். நான் தூங்குவதுபோல் நடித்தேன். உலகமகா நடிப்பு.

மாமன்


ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. அவசரத்தில் பின்னதை முதலில் பிரித்துவிட்டேன். எதை எடுத்தார்கள் என்று தெரியாமலே நீங்கள் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டேன்.

எண் எவ்வளவு? அதை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பினாலும் போதும். அடுத்த துறைமுகத்து முகவரி பின்னால் இருக்கிறது.

அத்தைக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை மாமா. கட்டளை என்கிறீர்கள், அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மருமகன்


ஏப்ரல் 24

கடலரசனின் கணக்குப்பிள்ளையான மருமகனுக்கு, கம்பீரமே உருவான மாமன் எழுதுவது. நலம், நலம், நலம். நீ நலமா, சமையல்காரர் நலமா, எஞ்சின் நலமா, கப்பலுக்கு அடியில் நீந்தும் மீன்கள் நலமா?

வேலைக்குத் திரும்பிவிட்டேன். பதினாறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் கல்யாணக் கூட்டம் மாதிரி முப்பது பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். (சரி, மூன்று பேர்.) அதில் ஒருவர் என்னைப் பார்த்ததும் கைகுலுக்கிவிட்டு, நீங்கள் கடவுள் என்றார். பகுதிநேரம்தான் என்றேன். கூண்டு ஏறினால் எதிர் எடை இறங்கும், கூண்டு இறங்கினால் எதிர் எடை ஏறும் என்று உனக்குச் சின்ன வயதில் படம் போட்டுக் காட்டினேனே. ஒருத்தரை இழந்த பிறகு நான் ஒரு பக்கமாகச் சாய்வேனோ என்று கண்ணாடிமுன் நடந்து பார்த்தேன். நேராகத்தான் நடக்கிறேன். உன் அம்மா கேட்டால் சொல்லு, தம்பி நேரானவன் என்று மருத்துவ நிரூபணம் ஆகிவிட்டது.

கப்பலுக்குப் புது வண்ணம் அடித்தார்களா? உன் அறையில் யாரோ குறட்டை விடுவதாகப் போன வருடம் எழுதினாயே, அவர் இன்னும் விடுகிறாரா?

ஆமாம், அந்த எண். தொண்ணூறு.

உன்,
மாமன்


மே 12

அன்புள்ள மாமாவுக்கு,

ஆயிரம் வணக்கம். நான் மிகமிக நலம். தொண்ணூறு என்று படித்ததும் நெஞ்சு நின்றுவிட்டது. அப்புறம்தான் எழுதியது யார் என்று ஞாபகம் வந்தது. பத்தால் வகுத்தேன். ஒன்பது. பத்துக்குக் கீழே. கப்பலின் மேல்தளத்தில் நின்று சத்தமாகச் சிரித்தேன். சமையல்காரரிடம் சொன்னேன், "உனக்குச் சரியாயிடுச்சா, ரொம்பச் சந்தோஷம்" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அந்த மனிதரை இனிமேல் திருத்த முடியாது.

இப்படிப்பட்ட விஷயத்தில்கூட உங்களுக்குப் பத்து மடங்கு வேண்டியிருக்கிறது பாருங்கள். ஊருக்கு வந்ததும் இதற்கு உங்களிடம் சண்டை போடுவேன்.

நிம்மதியுடன்,
மருமகன்


மே 30

தம்பிக்கு,

அத்தை எழுதுவது. நலமாக இரு. நீ மாமாவுக்கு எழுதிய கடிதத்தை நான் பிரித்தேன். இத்தனை வருடத்தில் அவருக்கு வந்ததைப் பிரித்தது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறை இழுப்பறையின் கைப்பிடி ஆடியது. திருப்புளி எடுக்க அவருடைய கருவிப் பையில் கைவிட்டேன். ஸ்பானர் சுற்றிவைக்கும் துணிக்குள் ஒரு தாள் இருந்தது, மடித்து மடித்து நாலு மூலையும் கிழிந்திருந்தது. மேலே ஆஸ்பத்திரிப் புற்றுநோய்ப் பிரிவின் முத்திரை, கீழே கொட்டை எழுத்தில் ஒரு எண். தொள்ளாயிரம். பக்கத்தில், பத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. அதற்கு முந்தைய எண் எழுநூறு. அடியில் டாக்டரின் கையெழுத்தில், 'மே 5 அன்று சிகிச்சைக்குச் சேர வேண்டும், தாமதிக்கக் கூடாது.'

தாளை மேஜையில் வைத்து, "குடலிறக்கத்துக்கு இந்த நம்பர் எதுக்கு?" என்று கேட்டேன். அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். "பதினோராவது மாடியில ஆள் மாட்டிக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பார்ப்பதில் அத்தனை மாடி இருப்பது அந்த அலுவலகக் கட்டடம் ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை அது பூட்டிக் கிடக்கும்.

நேற்று உன் கடிதம் வந்தது. அவர் தொண்ணூறு என்று எழுதினார், நீ ஒன்பது என்று படித்தாய், தாளில் இருப்பது தொள்ளாயிரம். எது மூலப்பிரதி என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மனிதர் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒன்றைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். அதையும் நீ ஒரு தடவை குறைத்துவிட்டாய்.

நீ எல்லாம் தெரிந்தும் எனக்குச் சொல்லவில்லை. அதைப் பிறகு பேசுவோம். நான் கேட்டால் அவர் மாடியேறிப் போய்விடுகிறார். நீ எழுது. உடனே எழுது.

அத்தை


ஜூன் 11

மாமா,

நலமா என்று கேட்க மாட்டேன். அத்தை எழுதிவிட்டார்கள்.

நான் ஒன்பது என்று சிரித்த அன்றைக்கு, நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கிறது. நான் சிரித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதைக் கேட்க முடியவில்லை.

இந்தத் துறைமுகத்தில் ஒரு டாக்டரைத் தேடிப் போய், எழுநூறும் தொள்ளாயிரமும் எழுதிக் காட்டினேன். எடுத்த பிறகும் ஏறுகிறது என்றால் உள்ளே பரவியிருக்கிறது என்றார். பரவினாலும் மருந்துக்குக் கட்டுப்படுகிற வகைதான் இது, பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள் என்றார். ஆனால் மருந்து உடம்புக்குள் போக வேண்டும், சீட்டாகச் சட்டைப் பையில் இருந்தால் போதாது என்றார். எத்தனை நாள் தள்ளலாம் என்று கேட்டேன். ஏற்கெனவே தள்ளியாகிவிட்டது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கப்பலை விட்டு இறங்க அனுமதி கேட்டேன். நவம்பர் வரைக்கும் மாற்று ஆள் இல்லை என்றார்கள். என்னால் வர முடியாது மாமா. நான் வரும்போது நீங்கள் இருக்க வேண்டும்.

போங்கள்.


ஜூலை 2

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நலம் விசாரிக்க மறக்கவில்லை. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

ஜூன் 22 அன்று சேர்ந்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று காலையும் வேலைக்குத்தான் கிளம்பினேன். உன் அத்தை கருவிப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு எத்தனாவது மாடி?" என்றாள்.

ஆறு என்றேன்.

"கேன்சர் வார்டும் ஆறாவது மாடிதான். வாங்க."

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கா, பயமா, பயம் என்னைப் பார்த்து ஊரைவிட்டு ஓடும் என்கிற வசனம் தொண்டை வரை வந்தது. "ஆமா" என்றேன். "எவ்வளவு?" என்றாள். எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அந்தத் தாள் பைக்குள் இருக்கும்வரை எண் பைக்குள் இருக்கிறது, எனக்குள் இல்லை என்று இருந்தேன். உனக்கு எழுத உட்கார்ந்தேன். தொள்ளாயிரம் என்று எழுதப் பார்த்தேன், கை ஓடவில்லை. எப்படியும் நீ வகுக்கப்போகிறாய், அந்தச் சிரமத்தை நானே எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேன். நீ மறுபடி வகுப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். ஒரு ஆளாவது என்னை நலம் என்று நம்பட்டும் என்று இருந்தது.

மருந்து ஐந்து நாள் ஏறியது. தண்ணீர் இரும்புத்துண்டை நக்கியதுபோல் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஒரு தபால்காரர். அவருக்கும் இதேதான். நேற்று முழுக்க அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். நானும் அவரிடம் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

மாமா


ஆகஸ்ட் 26

கப்பலில் வீற்றிருக்கும் மருமகனுக்கு,

விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்ப் பேனா நிற்கவில்லை. ஆகையால் மாமன் திருவாய் மலர, உன் அத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். நலமா? இங்கே தலைமுடி, மீசை, புருவம் மூன்றும் ராஜினாமா செய்துவிட்டன. கண்ணாடியில் ஒரு முட்டை என்னைப் பார்த்து முறைக்கிறது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வாந்தி எடுத்தேன். (ஐந்து. - அத்தை) காதுக்குள் ஆயிரம் லிஃப்ட் மணி ஒரே சமயத்தில் அடிக்கிறது. (மணி சத்தம் உண்மை. எத்தனை என்று நான் எண்ணவில்லை.) இரண்டாவது சுற்றில் காய்ச்சல் வந்து நாலு நாள் யாரையும் அருகில் விடவில்லை. அந்த நாலு நாளும் செத்துவிடுவேன் என்று பயந்தேன். (இதில் திருத்தம் எதுவும் இல்லை.)

மூன்று சுற்று முடிந்தது. எண் முதலில் இருநூற்றுப் பத்து, பிறகு முப்பத்து நாலு, நேற்று ஆறு. (ஆறு. தாள் என் கையில் இருக்கிறது தம்பி. எழுத்தாலும் எண்ணாலும் 6.) வயிற்றுக்குப் பின்னால் நோய் பரவியிருந்த முடிச்சுகள் சுருங்கிவிட்டன என்று படத்தில் தெரிகிறதாம்.

தபால்காரர் நேற்று வீட்டுக்குப் போனார். நடந்துதான் போனார்.

மாமாவும் அத்தையும்


நவம்பர் 2

இன்னும் மூன்று வாரத்தில் தரையில் கால் வைக்கப்போகிற மருமகனுக்கு, தலையில் எலிக்குஞ்சு ரோமம்போல் முளைவிட்டிருக்கும் மாமன் சொந்தக் கையால் எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ நலமா?

குணமாகிவிட்டால் பயம் போய்விடும் என்று நீயும் நினைத்திருப்பாய். நானும் நினைத்தேன். நோய் இருந்தபோது பயத்துக்கு ஒரு முகவரி இருந்தது. இப்போது முதுகு பிடித்தால் பயம், இருமல் வந்தால் பயம். மாதம் ஒருமுறை இரத்தம் எடுத்தால், பதில் வருகிற வரைக்கும் நான் எந்த லிஃப்டின் கீழும் நிற்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. மிச்சமிருக்கும் ஆளை மாதம் ஒருமுறை, வெந்நீரில் குளித்த பிறகு, விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சின்ன டாக்டர் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் முதல் தேதி பார்க்கவில்லை. அக்டோபர் முதல் தேதியும் பார்க்கவில்லை. குளியலறைக்குப் போவேன், தண்ணீரைத் திறந்துவிடுவேன், பார்த்துவிட்டேன் என்று வெளியே வந்து சொல்வேன். உன் அத்தையும் கேட்டுக்கொள்வாள்.

நேற்று முதல் தேதி. உண்மையாகவே பார்த்துவிடுவது என்று போனேன். பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை மருமகனே. நல்லபடியாகத் தெரியவில்லை என்று சொல்ல வரவில்லை. விரலுக்கு எதுவுமே தெரியவில்லை. மரத்துப்போன விரலுக்குச் சட்டைப் பொத்தானும் சுவரும் ஒன்றுதான். அங்கே ஒரு கல் இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, தண்ணீர் ஆறிப்போய்விட்டது.

அப்புறம் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

என்ன என்று அவள் கேட்கவில்லை. முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். அச்சகத்தில் வரிக்குக் கீழே அளவுகோல் வைத்துப் படிப்பாளே, அந்த மாதிரி, அவசரமே இல்லாமல் பார்த்தாள். நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது. விரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இத்தனை மாதமும் இந்த வீட்டில் அவள்தான் கேட்டாள், நான் சொல்லாமல் இருந்தேன். அது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொண்டேன்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டாவது புரூஃபும் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

துண்டை என் தோளில் போட்டுவிட்டு, ஈரத்தில் நிற்காதீங்க என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். கதவைச் சாத்தவில்லை. நானும் சாத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவளுக்குக் கேட்கும்படியாகவே அழுதேன்.

அடுத்த முதல் தேதிக்கு இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது. அதற்குள் நீ வந்துவிடு.

மாமா